ஆரம்பசூரனுக்கு ஒரு மாத்திரை

('கவனச் சிதறலோடு போராடும் பெரியவர்களுக்குப் பெரிதும் கைகொடுப்பது மன உறுதியா? மருந்தா?' என்ற தலைப்பில் சங்கரன்கோவிலில் நடந்த பட்டிமன்றத்தில், 'மருந்தே' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது)

'மன உறுதியே' என்று அத்தனை உறுதியாகப் பேசிவிட்டு, குறிப்பு எழுதிய தாளை ஒலிபெருக்கிப் பக்கத்திலேயே மறந்து வைத்துவிட்டுப் போன எதிரணித் தலைவர் அம்மா அவர்களே! (சிரிப்பு) இதோ பத்திரமா என்கிட்ட இருக்கும்மா. பேசி முடிச்சதும் தர்றேன்.

சங்கரன்கோவில்ல வந்து பட்டிமன்றம் பேசுறது லேசான காரியம் இல்லைங்கய்யா. பட்டிமன்றம் பிறந்த ஊரே இதுதான்னு எனக்கு ஒரு நினைப்பு உண்டு. சங்கன்னு ஒரு நாகராசன், பதுமன்னு ஒரு நாகராசன். 'சிவன்தான் பெரியவர்'னு சங்கன் சொல்றான். 'இல்லை, திருமால்தான்'னு பதுமன் சொல்றான். விட்டுக்கொடுக்கவே இல்லை ரெண்டு பேரும். அதுக்காகக் கோமதி அம்பாள் தபசு இருந்து, ஆடி மாசம் உத்திராட நட்சத்திரத்தில, வலப்பக்கம் சங்கரன் இடப்பக்கம் நாராயணன்னு ஒரே திருமேனியா வந்து நின்னார் சுவாமி. அதான் தீர்ப்பு. ஆனா ஐயா, சுவாமி சொன்னார்ங்கிறதுக்காக நீங்களும் இன்னைக்குப் பாதிப்பாதின்னு தீர்ப்பு சொல்லிடாதீங்க. தபசு இருக்கிற அளவுக்கு எங்க அணியில யாருக்கும் பொறுமை கிடையாது. (சிரிப்பு) அதுதானே எங்க நோயே! (பலத்த சிரிப்பு)

மேடை ஏறும்போது முன்வரிசையில ஒரு பெரியவர் பக்கத்தில இருந்தவரைக் கேட்டார்: "கவனம் இல்லாததுக்கு மாத்திரையாம்லா? நம்ம காலத்துல பிரம்புதான இருந்துச்சு?" ஐயா, அந்தப் பிரம்பை வாங்கின கை இது. நான் இந்தப் பக்கத்துப் பிள்ளைதான். ஒண்ணாம் வகுப்பிலேருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் குறை இல்லாம வாங்கியிருக்கேன். பிரம்பால குணமாகிற நோயா இருந்தா நான் இந்நேரம் ஜில்லாக் கலெக்டர். (கைதட்டல்)

முதல்ல இது என்ன நோய்னு சொல்லிடறேன். 'கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு'. பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ளயே கவனம் போயிடுது! (சிரிப்பு) சுருக்கமா ஏ.டி.எச்.டி.ன்னு சொல்றாங்க. சாவியை எங்க வெச்சோம்னு தேடாத வீடு உண்டா? கண்ணாடியை நெத்தியில ஏத்திவிட்டுக்கிட்டு வீடு முழுக்கத் தேடாத தாத்தா உண்டா? அது நோய் இல்லைங்க. மருத்துவருடைய அளவுகோல் வேற. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013ல வெளியிட்ட கையேட்டைத்தான் பல நாடுகள்ல பின்பற்றுறாங்க. அதன்படி பன்னிரண்டு வயசுக்கு முன்னாலயே சில அறிகுறியாவது தென்பட்டிருக்கணும். வீட்டில மட்டும் இருந்தா போதாது, வேலை பார்க்கிற இடம், வெளியிடம்னு இன்னொரு இடத்திலயும் இருக்கணும். கவனக்குறைவுன்னு ஒன்பது அறிகுறி, பரபரப்புன்னு ஒன்பது அறிகுறி; ரெண்டுல ஒரு வகையிலாவது, பெரியவங்களா இருந்தா அஞ்சு இருக்கணும். அதனால வாழ்க்கை கெட்டிருக்கணும். அந்தக் கடைசி நிபந்தனையை அடிக்கோடு போட்டுக்கோங்க.

பெரியவர்கள்ல நூத்துக்கு ரெண்டரைப் பேருக்கு இது இருக்குன்னு உலக அளவிலான கணக்கு. இந்தப் பந்தல்ல ஆயிரம் பேர் இருக்கீங்க. அப்படின்னா இருபத்தஞ்சு பேர். அதுல பாதிப் பேர் தேதி மறந்து நாளைக்குத்தான் வருவாங்க. (சிரிப்பு)

எதிரணித் தலைவர் வள்ளுவரைத் துணைக்குக் கூட்டிட்டு வந்தாங்க. தமிழ்ப் பேராசிரியர் உட்கார்ந்திருக்கிற மேடையில வள்ளுவரை அழைச்சிட்டு வர்றது, மாமியார் வீட்டுக்கே மாப்பிள்ளையை அழைச்சிட்டுப் போற மாதிரி. (சிரிப்பு) 54வது அதிகாரம் பொச்சாவாமை, 61வது அதிகாரம் மடியின்மை. மறதி கூடாது, சோம்பல் கூடாதுன்னு வள்ளுவர் அப்பவே சொல்லிட்டார், மாத்திரை எதுக்குன்னு கேட்டாங்க. அம்மா, பொச்சாவாமையை ஆரம்பத்திலேருந்து படிச்சுப் பாருங்க. அவர் கண்டிக்கிற மறதி எங்கேருந்து வருது? மிதமிஞ்சின மகிழ்ச்சியிலேருந்து வருது. வெற்றி மிதப்புல கடமையை மறக்கிற அரசனுக்குச் சொன்னது அது. கரண்ட் பில் கட்ட மறந்துட்டு இருட்டில உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்னம்மா மிதப்பு? (சிரிப்பு, கைதட்டல்)

அதே வள்ளுவர் 95வது அதிகாரத்துக்கு 'மருந்து'ன்னே பேர் வெச்சிருக்கார். நீங்க உடனே கேட்பீங்க, தின்னது செரிச்ச பிறகு சாப்பிட்டா மருந்தே வேண்டாம்னுதானே அதுல சொல்லியிருக்குன்னு. சரிதான். ஆனா நீங்க அதிகாரத்தைப் பாதியில மூடிட்டீங்க. கடைசிக் குறளுக்குப் போங்க. நோயாளி, மருத்துவன், மருந்து, பக்கத்தில இருந்து பார்த்துக்கிறவன்னு நாலு பேரை வரிசையா நிக்க வைக்கிறார். இந்த நாலுல 'மன உறுதி'க்கு இடம் கொடுத்திருக்காரா? (கைதட்டல்) பக்கத்தில இருந்து பார்த்துக்கிறவனுக்கு இடம் இருக்கு. அந்த ஆளைப் பத்திப் பின்னால சொல்றேன். அவங்க இப்போ இந்தக் கூட்டத்தில மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்காங்க, முறைச்சுப் பார்த்துக்கிட்டு. (சிரிப்பு)

சரி, இனிமே ஊர்க்கதை வேண்டாம். சொந்தக் கதைக்கு வர்றேன்.

எங்க ஊர்ப்பக்கம் 'ஆரம்பசூரன்'னு ஒரு வார்த்தை உண்டு. எனக்கு அது பட்டப்பேர். முனைவர் பட்டம் பின்னால வந்துச்சு, இந்தப் பட்டம் முதல்லயே வந்துச்சு. முனைவர் பட்டத்துக்கு மத்தவங்க நாலு வருஷம் எடுத்துக்குவாங்க, நான் பதினோரு வருஷம். என் நெறியாளர் ஓய்வு பெற்று, வேற நெறியாளர் வந்து, அவருக்கும் தலை நரைச்ச பிறகுதான் கொடுத்தேன். வீட்டில சுவருக்கு நானே வெள்ளை அடிக்கிறேன்னு ஆரம்பிச்சேன். பாதிச் சுவர் வெள்ளை, பாதிச் சுவர் பழசு, ஒன்பது வருஷம். வர்றவங்க எல்லாம் 'இது என்ன புது மாடலா'ன்னு கேட்டாங்க. (சிரிப்பு) மலையாளத்தில பத்து எழுத்து தெரியும், தெலுங்கில பத்து எழுத்து தெரியும், வங்காளத்தில ஏழு. (சிரிப்பு)

இதே ஆளு கம்பனை எடுத்தா அஞ்சு மணி நேரம் நகர மாட்டேன். சாப்பாடு மறக்கும், தண்ணி மறக்கும். என் வீட்டுக்காரி கேட்பா: "கம்பனுக்கு அஞ்சு மணி நேரம் உட்கார முடியுது. வருமானவரித் தாளுக்கு அஞ்சு நிமிஷம் உட்கார முடியலையா? மனசு இல்லைன்னு சொல்லுங்க." எனக்குப் பதில் தெரியாது. நானும் அப்படித்தான் நினைச்சேன், மனசு இல்லாதவன், பொறுப்பு இல்லாதவன்னு. ரொம்பப் பிந்தித்தான் ஒரு மருத்துவர் விளக்கினார். கவனமே இல்லாத நோய் இல்லை இது. குதிரை நல்லா ஓடும், கடிவாளம் கையில இருக்காது. பிடிச்ச இடத்துக்கு அதுவாப் பறக்கும், போகவேண்டிய இடத்துக்கு இழுத்தாலும் வராது.

இதுவரைக்கும் சிரிச்சீங்க. இனிமே சொல்றதை நான் மேடையில சொன்னதில்லை.

என் மகளுக்கு அஞ்சு வயசு. ஆடித்தபசுக்கு ஊருக்கு வந்திருந்தோம். உங்களுக்குத் தெரியும், தபசுக் காட்சி அன்னைக்கு இந்தத் தெருவில எள்ளு போட்டா எள்ளு விழாது. வீட்டுக்காரி எங்க அம்மாவோட முன்னால போயிட்டா. பிள்ளை என் கையில. தெருவோரத்தில ஒருத்தர் சாக்கை விரிச்சுப் பழைய புத்தகம் போட்டிருந்தார். நான் ரொம்ப நாளாத் தேடின ஒரு உரைநூல், அட்டை கிழிஞ்சு மேலாப்பில கிடந்துச்சு. குனிஞ்சேன். புத்தகத்தை எடுக்கிறதுக்கு ரெண்டு கை வேணுமில்ல? (அமைதி)

எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியலை. நாப்பது நிமிஷம்னு பின்னால சொன்னாங்க. புத்தகத்துக்குக் காசு கொடுத்துட்டு, பேரம் பேசி, அவர்கிட்ட இன்னொரு புத்தகத்தைப் பத்தி விசாரிச்சுட்டு, நிமிர்ந்து நடந்தேன். எங்க அம்மா எதிர்ல வந்தா. "ஏலே, பிள்ளைய எங்கல?"ன்னா. அப்பதான் என் கையைப் பார்த்தேன்.

தேரடிப் பக்கம் பூ விக்கிற ஒரு அம்மா பிள்ளையைப் பக்கத்தில உட்கார வெச்சு, அழாம இருக்க அது கையில கொஞ்சம் பிச்சிப்பூவைக் கொடுத்துத் தொடுக்கச் சொல்லியிருந்தாங்க. என்னைப் பார்த்ததும், "அய்யா, பிள்ளையப் பெத்தவியதானா நீய?"ன்னு கேட்டாங்க. வேற ஒண்ணும் கேட்கலை.

அன்னைக்கு ராத்திரி அம்மன் சன்னதியில சக்கரத்துக்கு முன்னால நின்னு சத்தியம் பண்ணினேன், இனிமே இப்படி நடக்காதுன்னு. மனம் கலங்கினவங்களைக் கூட்டிட்டு வந்து உட்கார வைக்கிற இடம் அது, உங்களுக்குத் தெரியும். எதிரணி நண்பர்களே, மன உறுதி மன உறுதின்னு சொன்னீங்களே, அந்தச் சத்தியத்தை விட உறுதியான மனசை நீங்க எங்கேயும் பார்க்க முடியாது. உண்மையான சத்தியம். அடுத்த வாரம் அடுப்புல பாலை வெச்சுட்டு, வாசல்ல வந்த தபாலைப் படிச்சுக்கிட்டே நின்னேன். பால் பொங்கி, அடுப்பு அணைஞ்சு, வீடெல்லாம் கேஸ். பிள்ளை உள்ள தூங்கிட்டிருந்துச்சு. (அமைதி)

உறுதி இல்லாம இல்லைங்கய்யா. அந்த உறுதி, தேவையான நொடியில ஞாபகத்துக்கு வரலை. அதுதான் நோய்.

அந்தப் பிள்ளை வளர்ந்து கல்லூரிக்குப் போச்சு. நல்லாப் படிக்கிற பிள்ளை, பாடம் நிக்குது, தேதி நிக்கலை. தேர்வுக் கட்டணம் கட்ட மறக்குது, ஒப்படைப்பு கொடுக்க மறக்குது. சின்ன வயசில ஓடியாடி ரகளை பண்ணியிருந்தா எந்த டீச்சராவது கண்டுபிடிச்சிருப்பாங்க. பெண் பிள்ளைகள் பல பேர் அப்படி இல்லை. ஜன்னலோரம் அமைதியா உட்கார்ந்து மேகத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கும். 'தங்கமான பிள்ளை'ன்னு எழுதிக் கொடுத்துடுவாங்க. கடைசியில மனநல மருத்துவர்கிட்ட போனோம். ரெண்டு மணி நேரம் விசாரிச்சார். அப்புறம், "இது பெரும்பாலும் பரம்பரையா வர்றது, கிட்டத்தட்ட உயரம் வர்ற மாதிரி. குடும்பத்தில வேற யாருக்காவது இருக்கா?"ன்னு கேட்டார். என் வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசலை. மெதுவாத் திரும்பி என்னைப் பார்த்தா. (பலத்த சிரிப்பு) மருத்துவரும் பார்த்தார். நான் அப்போ அவர் மேசை மேல இருந்த பேனாவைக் கழட்டிக்கிட்டு இருந்தேன். (சிரிப்பு, கைதட்டல்)

ஐம்பத்தோரு வயசுல எனக்குப் பேர் வெச்சாங்க. அந்த மருந்தோட பேர் மெத்தில்ஃபெனிடேட். இதுல ஒரு குடும்பக் கதை இருக்கு. 1944ல சுவிட்சர்லாந்தில சீபா கம்பெனியில பானிசோன்னு ஒரு வேதியியல்காரர் இதைத் தயாரிச்சார். அவர் மனைவி மார்கரீட் டென்னிஸ் ஆடறதுக்கு முன்னால இதைப் போட்டுக்கிட்டு நல்லா ஆடினாங்களாம். அவங்க செல்லப்பேர் ரீட்டா. மருந்துக்கு 'ரிட்டாலின்'னு பேர் வெச்சுட்டார். மனைவிக்கு மல்லிகைப்பூ வாங்கக்கூட மறக்கிற நமக்கு நடுவில, மனைவி பேரை மாத்திரைக்கே வெச்ச மனுஷன்! (சிரிப்பு)

அதுக்கும் முன்னாலயே, 1937ல அமெரிக்காவில சார்லஸ் பிராட்லின்னு ஒரு மருத்துவர், தன் மருத்துவமனையில இருந்த பிள்ளைகளுக்குத் தலைவலி போகட்டும்னு பென்சிடிரின்னு ஒரு ஆம்ஃபெட்டமின் மருந்து கொடுத்தார். தலைவலி போகலை. ஆனா முப்பது பிள்ளைகள்ல பதினாலு பேர் திடீர்னு உட்கார்ந்து பாடம் படிக்க ஆரம்பிச்சுட்டாங்க. பிள்ளைகளே அதுக்கு 'கணக்கு மாத்திரை'ன்னு பேர் வெச்சுட்டாங்க. கிளர்ச்சி தர்ற மருந்து எப்படி அமைதி தருது? அவருக்கே அது புதிராத்தான் இருந்துச்சு.

நம்ம ஊர் உதாரணத்தில சொல்றேன். குளத்து மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணி விடறோம். வயல் நனையறதுக்குள்ள, வரப்புல ஒரு ஓட்டை வழியாத் தண்ணி திரும்பி வாய்க்காலுக்கே ஓடிடுது. குளத்தில தண்ணி இல்லாம இல்லை, வயல்ல நிக்கலை. மூளையில டோபமின், நாரட்ரினலின்னு ரெண்டு பொருள், ஒரு நரம்பிலேருந்து அடுத்த நரம்புக்குச் சேதி சொல்றது. சேதி போய்ச் சேர்ந்ததும் அது திரும்ப உறிஞ்சப்படும். மெத்தில்ஃபெனிடேட் அந்தத் திரும்பற ஓட்டையைக் கொஞ்ச நேரம் அடைக்குது. தண்ணி வயல்ல நிக்குது. சில மணி நேரம்தான். சாயங்காலம் ஓட்டை திறந்துக்கும். நோய் தீரலை. கண்ணாடி போட்டா பார்வை தெரியுது, கழட்டினா மங்குது, அந்தக் கதைதான்.

மாத்திரை போட்ட முதல் நாள் எனக்கு ஞானம் ஒண்ணும் பிறக்கலைங்க. விடைத்தாள் கட்டு ஒண்ணு இருந்துச்சு, நாப்பது தாள். வழக்கமா எனக்கு அது ஒரு வாரம். ஒரு தாளை முடிச்சேன், அடுத்ததை எடுத்தேன். நடுவில எழுந்து போகணும்னு தோணிச்சு. தோணுதுன்னு எனக்குத் தெரிஞ்சுது! ஐம்பத்தோரு வருஷத்தில தோணினதுக்கும் எழுந்ததுக்கும் நடுவில ஒரு சின்ன இடைவெளியை அன்னைக்குத்தான் பார்த்தேன். நீங்கள்லாம் அந்த இடைவெளியோட பிறந்துட்டீங்க. அதனால அதுக்கு 'மன உறுதி'ன்னு பேர் வெச்சு, இல்லாதவனைத் திட்டறீங்க. (நீண்ட கைதட்டல்)

நாட்குறிப்பு எழுது, பட்டியல் போடு, அலாரம் வைன்னு எதிரணித் தம்பி சொன்னார். நான் செய்யாததா? நாட்குறிப்பு வாங்கினேன், தொலைச்சேன். இன்னொண்ணு வாங்கினேன். பிறகு மூணு நாட்குறிப்பும் ஒரே அலமாரியில ஜனவரி நாலாம் தேதியோட நின்னு போயிருந்துச்சு. (சிரிப்பு) மாத்திரைக்குப் பிறகுதான் பிப்ரவரியைப் பார்த்தேன். (பலத்த சிரிப்பு) பயிற்சி வேண்டாம்னு நான் சொல்லலை. பயிற்சி நிக்கிறதுக்கு ஒரு தரை வேணும்.

இப்போ எதிரணி சொல்லாம விட்டதையும் நானே சொல்லிடறேன், நேர்மையா இருக்கட்டும். எனக்கு மத்தியானப் பசி போச்சு. வீட்டுக்காரி வெச்ச மீன்குழம்பு அப்படியே இருந்துச்சு, அதுக்கு ஒரு சண்டை. தூக்கம் கெட்டது. இரத்த அழுத்தம் ஏறினதும் மருத்துவர் அளவைக் குறைச்சார். 2023ல சுவீடன்லேருந்து வந்த ஆய்வு, பல வருஷம் தொடர்ந்து எடுத்துக்கிறவங்களுக்கு இரத்த அழுத்தமும் இரத்தக்குழாய் நோயும் கூடுதலா வருதுன்னு எச்சரிச்சிருக்கு. 2018ல 133 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, மருந்து வேலை செய்யுதுன்னு சொன்னாங்க. ஆனா அது பன்னிரண்டு வாரக் கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல மெத்தில்ஃபெனிடேட்டைச் சேர்க்கச் சொல்லி 2019லயும் 2021லயும் கேட்டாங்க. ரெண்டு தடவையும் சேர்க்கலை. கீத் கானர்ஸ்னு ஒரு அமெரிக்க அறிஞர், இந்த மருந்து ஆராய்ச்சியில முன்னோடி, 2013ல இந்த நோய் தங்கள் நாட்டில தாறுமாறா முத்திரை குத்தப்படுதுன்னு வருத்தப்பட்டார். கணினித் திரையில நாலு நிமிஷம் பார்த்துச் சீட்டு எழுதற வியாபாரமும் அங்கே நடந்துச்சு. 2024ல அப்படி ஒரு கம்பெனியோட தலைவர்களைக் கைது பண்ணினாங்க. தேர்வுக்கு ராத்திரி முழிச்சுப் படிக்க வாங்கித் தின்கிற மாணவர்களும் உண்டு.

என் வீட்டுக்குள்ளயே எதிரணிக்கு ஒரு ஓட்டு இருக்கு. என் மகளுக்கு இந்த மாத்திரை ஒத்துக்கலை. படபடப்பு வந்துச்சு. வேண்டாம்னுட்டா. இப்போ ஆலோசகர்கிட்ட வாரா வாரம் பயிற்சி எடுத்துக்கிறா, சமாளிக்கிறா. (எதிரணியில் கைதட்டல்) தட்டுங்க, தட்டுங்க. ஆனா அவகிட்ட யாரும் 'சோம்பேறி'ன்னு சொல்லலை. நோய்னு தெரிஞ்ச பிறகுதான் அவளுக்கு அந்தப் பயிற்சியே கிடைச்சுது.

கெட்டவன் கையில போகுதுங்கிறதுக்காக நல்லவனுக்குக் கிடைக்காமப் போறதுதான் நம்ம நாட்டு நிலைமை. போதை மருந்துச் சட்டம் 1985ல இதுவும் அடக்கம். மருந்து விதிகள்ல எக்ஸ் அட்டவணை. சீட்டு ரெண்டு பிரதி வேணும், ஒண்ணைக் கடைக்காரர் ரெண்டு வருஷம் வெச்சிருக்கணும், மருந்தைத் தனி அலமாரியில பூட்டி வைக்கணும், அதுக்குத் தனி உரிமம் வேணும். இந்தக் காவல் தப்புன்னு சொல்ல மாட்டேன். அளவு மீறினா இது விஷம். ஆனா சின்ன ஊர்ல எந்தக் கடைக்காரர் இத்தனை தொல்லையோட பத்து நோயாளிக்காக உரிமம் வாங்குவார்? நான் குடியிருக்கிற ஊர்ல ஆறு கடை ஏறி இறங்கினேன். ஒருத்தர் சீட்டைப் பார்த்துட்டு, என்னைப் பார்த்துட்டு, குரலைத் தாழ்த்தி, "சார் வாத்தியார்தானே?"ன்னு கேட்டார். (சிரிப்பு) எனக்குச் சிரிப்பு வரலைங்க.

யோசிச்சுப் பாருங்க. மறதி நோய்க்காரன். அவன் மாசா மாசம் மருத்துவரைப் பார்த்து, ரெண்டு பிரதி சீட்டு வாங்கி, தொலைக்காம வெச்சு, ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால திருநெல்வேலிக்குப் பஸ் ஏறி, கடை திறந்திருக்கிற நேரத்துக்குப் போய் நிக்கணும். இதையெல்லாம் ஒழுங்காச் செய்ய முடிஞ்சா அவனுக்கு அந்த மருந்தே தேவையில்லையே! (பலத்த கைதட்டல்) எனக்கு இதைச் செய்யறது நான் இல்லை. மூணாவது வரிசை. வள்ளுவர் சொன்ன நாலாவது ஆள். அவ இல்லாத விசைத்தறித் தொழிலாளிக்கு யார் செய்வா? கவனம் ஒரு நொடி தப்பினா விரல் போற வேலை அது. லாரி ஓட்டறவனுக்கு? சுவீடன்லயே 2014ல பதினேழாயிரம் பேருக்கு மேல கணக்கெடுத்தாங்க. இந்த நோயுள்ள ஆண்கள், மருந்து எடுத்துக்கிட்ட மாசங்கள்ல கடுமையான சாலை விபத்தில சிக்கினது, எடுத்துக்காத மாசங்களை விடப் பாதிக்கும் குறைவு. முழுக்க முழுக்க மருந்துதான் காரணம்னு அந்த ஆய்வாளர்களே அடிச்சுச் சொல்லலை. ஆனா லாரிக்கு எதிர்ல சைக்கிள்ல வர்றவனுக்கு அந்த வித்தியாசம் போதும்.

ஐயா, ஒரே ஒரு விஷயம். அப்புறம் உட்கார்ந்துடறேன்.

எங்க அப்பா நெசவாளி. தறியில பாவு பூட்டுவார், பாருங்க, அந்தத் தெருவில அவ்வளவு சுத்தமா யாரும் பூட்ட மாட்டாங்க. ரெண்டு முழம் நெய்வார். எழுந்து போயிடுவார். பாவு அப்படியே கிடக்கும். முதலாளி வந்து சத்தம் போடுவார். அப்புறம் தறியை விட்டுட்டு டீக்கடை போட்டார், நாலு மாசம். சைக்கிள் கடை, ஒரு வருஷம். சோடாக் கம்பெனின்னார், பாட்டில் வாங்கினதோட சரி. ஊரே அவரை ஆரம்பசூரன்னுச்சு. அந்தப் பேர்தான் எனக்குப் பரம்பரைச் சொத்தா வந்துச்சு. எங்க அம்மா, "உருப்படாத மனுசனுக்கு வாக்கப்பட்டேன்"னு தினமும் அழுவா. நானும் வளர்ந்த பிறகு, கையில நாலு காசு வந்த திமிர்ல, ஒருநாள் அவர் முகத்துக்கு நேராச் சொன்னேன்: "உங்களுக்கு மனசு வைக்கத் தெரியலைப்பா." அவர் பதில் சொல்லலை. என்னைப் பார்த்துச் சிரிச்சார். "நானும் வெச்சுத்தாம்ல பாத்தேன்"னார். அவ்வளவுதான்.

அவர் போய் இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. மருத்துவர் எனக்குப் பேர் வெச்சுட்டு, "உங்க அப்பா எப்படி?"ன்னு கேட்டப்போ, எனக்கு அந்தப் பாவு ஞாபகம் வந்துச்சு. ரெண்டு முழம் நெய்ஞ்சு விட்ட பாவு. (அமைதி)

மணி அடிச்சுட்டீங்களா ஐயா? சரி. மணி அடிச்ச பிறகும் பத்து நிமிஷம் பேசுறவன்னு எனக்கு முப்பது வருஷமா மேடையில பேர். இன்னைக்கு அடிச்ச மணி காதுல விழுந்துடுச்சு. (சிரிப்பு) சாயங்காலத்துக்கும் சேர்த்து மருத்துவர்கிட்ட அளவு கேட்டு வாங்கிட்டுத்தான் வந்தேன். (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

(இருக்கைக்குப் போனவர் பாதி வழியில் திரும்பி வந்து, எதிரணித் தலைவரிடம் அவருடைய தாளைக் கொடுக்கிறார். மூன்றாவது வரிசையிலிருந்து கைதட்டல்)